சம்பளம் இல்லாத பெரிய உத்தியோகம்

வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே நமக்குக் கை கால் பரபரக்கத் தொடங்கிவிடும். பால் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தலையணை உறை மாற்ற வேண்டும். வருகிற மாமாவுக்குச் சர்க்கரை, மாமிக்கு வெங்காயம் ஆகாது, குழந்தைக்குக் காரம் கூடாது என்று மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "சாப்பாடு பிரமாதம் சார்!" என்று அவர்கள் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? வாசலில் நிற்கிற வீட்டுக்காரரிடம்!

இதே வேலையை நாலு பேருக்குப் பதில் நானூறு பேருக்குச் செய்யவேண்டும். வருகிறவர்கள் ராஜா, ராணி, பிரதம மந்திரி. சம்பளம் காலணா கிடையாது. நீங்களாக மனுப்போட்டுக் கேட்ட வேலையும் இல்லை. பிடிக்கவில்லை என்று ராஜினாமா செய்யவும் வழியில்லை. இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டா என்கிறீர்களா? உண்டு. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி என்ற உத்தியோகம்தான் அது.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஜனாதிபதியின் அதிகாரம் இன்னது, அவருக்குச் சம்பளம் தரவேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் 1789-ல் முதல் ஜனாதிபதி பதவி ஏற்ற அடுத்த மாதமே அந்த அம்மாளின் வேலை ஆரம்பமாகிவிட்டது. இன்றுவரை ஓயவில்லை.

இந்தப் பெண்களைப் பற்றிச் சில வருஷங்களாகவே கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அவர்களுடைய உடைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பட்டுத் திரைக்குப் பின்னால் நம் வீட்டு அடுப்படியே தெரிய ஆரம்பித்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தா. அப்போது தலைநகரம் நியூயார்க். 1789 மே மாதக் கடைசியில் பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மார்த்தா அங்கே வந்து சேர்ந்தார். பயணக் களைப்புக்கூடத் தீரவில்லை, இரண்டாம் நாளே வீட்டில் வரவேற்பு! அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அவர் வீட்டில் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். தேநீர், காபி, எலுமிச்சை பானம், கேக் என்று உபசாரம் நடக்கும்.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த அம்மாளின் சங்கடத்தைப் பாருங்கள். அப்போதுதான் இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியை உதறிவிட்டு வந்த தேசம் அது. கொஞ்சம் ஆடம்பரமாகச் செய்தால், "இதென்ன ராணி தர்பாரா?" என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும். எளிமையாகச் செய்தாலோ, "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது" என்று வெளிநாட்டுத் தூதர்கள் ஏளனம் செய்வார்கள். இரண்டுக்கும் நடுவே நடந்தாக வேண்டும். சிநேகிதிகள் கூப்பிட்டால்கூட இஷ்டப்படி விருந்துக்குப் போகக் கூடாது என்று வேறு கட்டுப்பாடு. 'நான் அரசாங்கக் கைதி மாதிரி இருக்கிறேன்' என்ற அர்த்தத்தில் உறவுக்காரப் பெண்ணுக்கு அவர் கடிதம் எழுதினார்.

ஆனால் அந்த வீட்டில் நிஜமான கைதிகள் வேறே இருந்தார்கள். மார்த்தாவுக்குத் தலை வாரி, துணி தைத்து, கூடவே இருந்தவள் ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண். பேத்தியின் கல்யாணத்துக்கு அவளைச் சீதனப் பொருள் மாதிரிக் கொடுத்துவிட ஏற்பாடு நடந்தது. தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறியிருந்த சமயம். 1796 மே மாதம் ஒருநாள், எஜமானரும் எஜமானியும் சாப்பாட்டு மேஜையில் இருந்த நேரம் பார்த்து அவள் வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலேறிவிட்டாள். எவ்வளவோ முயன்றும் அவளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்த வீட்டுச் சமையலில் பெயர் வாங்கிய ஹெர்குலிஸ் என்ற அடிமைச் சமையல்காரரும் மறு வருஷமே தப்பிவிட்டார். விருந்து கொடுத்த அம்மாளுக்குச் சம்பளம் இல்லை, சரி. சமைத்தவர்களுக்குச் சுதந்திரமே இல்லை. உபசாரத்தைப் பாராட்டும்போது உள்ளே வெந்தவர்களையும் நாம் மறக்கக் கூடாது.

மண்டபத்தில் காய்ந்த துணி

இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் 1800 நவம்பரில் வாஷிங்டன் நகரத்து மாளிகைக்குக் குடிபோனார். அதுதான் பிற்காலத்து வெள்ளை மாளிகை. பெயர்தான் மாளிகை. சில அறைகள் மட்டுமே குடியிருக்கிற மாதிரி இருந்தன. பூச்சு வேலை காயவில்லை, வேலி இல்லை, முற்றம் இல்லை. சுற்றிலும் காடு, ஆனால் விறகு வெட்டி வண்டியில் கொண்டுவர ஆள் கிடையாது! ஈரம் போக எல்லா அறைகளிலும் கணப்பு எரிக்க வேண்டியிருந்தது.

துவைத்த துணியை எங்கே காயப் போடுவது? வெளியே கொடி கட்டினால் ஜனாதிபதி வீட்டுத் துணிமணியை ஊரே பார்க்கும். அபிகெயில் என்ன செய்தார் தெரியுமா? பிரமுகர்களை வரவேற்பதற்கென்று கட்டி, பாதியில் நின்றுபோன கிழக்கு மண்டபத்திலேயே கொடி கட்டித் துணியைக் காயப் போட்டார். இந்தக் குறைகளையெல்லாம் மகளுக்கு எழுதிவிட்டு, 'யாரிடமும் சொல்லிவிடாதே' என்கிற மாதிரி எச்சரிக்கையும் செய்திருந்தார். 1801 புத்தாண்டு அன்று அதே அரைகுறை மாளிகையில் ஊராரை வரவேற்றுச் சிரித்த முகத்தோடு உபசரிக்கவும் செய்தார். நம் வீட்டில் வெள்ளையடிப்பது பாதியில் நிற்கும்போதுதானே விருந்தாளி வருவார்கள்!

சம்பந்தி சண்டை

மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் மனைவியை இழந்தவர். பெண் விருந்தாளிகள் வரும்போது, அவருடைய வெளிநாட்டு மந்திரி மாடிசனின் மனைவி டாலிதான் கூட இருந்து கவனித்துக்கொள்வார். ஜெபர்சனுக்கு ஒரு கொள்கை. குடியரசில் எல்லாரும் சமம். ஆகவே பந்தியில் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசையெல்லாம் வேண்டாம், கிடைத்த நாற்காலியில் உட்காரலாம்.

கொள்கை நல்லதுதான். ஆனால் 1803 டிசம்பரில் பிரிட்டிஷ் தூதர் மெர்ரி தம்பதிக்கு விருந்து. விருந்தின் நாயகியைத்தான் ஜனாதிபதி கைபிடித்து அழைத்துப் போகவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஜெபர்சனோ பக்கத்தில் நின்ற டாலியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்! மெர்ரி அம்மாள் திகைத்து நிற்க, அவருடைய கணவருக்கு நல்ல இடமும் கிடைக்காமல் போயிற்று. அவ்வளவுதான். 'இங்கிலாந்துக்கே அவமானம்' என்று தூதர் லண்டனுக்குப் புகார் எழுதினார். அதன்பின் விருந்துக்கு அழைத்தாலும் வர மறுத்தார். நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தையை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று கிளம்புகிற சம்பந்தி சண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்? உட்கார வைப்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டவர் டாலி மாடிசன். 1809-ல் கணவர் ஜனாதிபதியானதும் புதன்கிழமைதோறும் மாளிகைக் கதவைத் திறந்துவைத்தார். எள் போட்டால் எள் விழாத கூட்டம்! முகம் கொடுத்துப் பேசாத எதிர்க்கட்சிக்காரர்களும் அங்கே ஒரே அறையில் நின்று சிரித்துப் பேசினார்கள். சபையில் தீராத சிக்கல்கள் அவருடைய கூடத்தில் இளகின. உபசாரம் என்பது வெறும் தின்பண்டம் இல்லை, ராஜ்ய காரியம் என்று காட்டியவர் அவர்.

1814 ஆகஸ்டு 24. பிரிட்டிஷ் படை நகரத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. மாளிகையில் மத்தியான விருந்துக்கு மேஜை தயார். டாலி கிளம்புமுன், சுவரில் இருந்த வாஷிங்டனின் ஆளுயரப் படத்தை எதிரி கையில் விடக்கூடாது என்று பிடிவாதமாக இறக்கச் செய்தார். சட்டத்தை உடைத்துப் படத்தை எடுத்தவர்கள் வேலைக்காரர்கள்தான். பிறகு வந்த சிப்பாய்கள் மேஜையில் இருந்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டு மாளிகைக்குத் தீ வைத்தார்கள்!

கணவர் காலமான பிறகு டாலிக்குத் தரித்திரம் வந்தது. ஊருக்கெல்லாம் விருந்து வைத்த கைக்கு அன்றாடச் சாப்பாடே கஷ்டம். அன்றைக்கு விருந்து மேஜையைத் தயார் செய்தவர் பால் ஜென்னிங்ஸ் என்ற அடிமைப் பையன். அவர் பின்னாளில் உழைத்து விடுதலை பெற்றார். டேனியல் வெப்ஸ்டர் என்ற தலைவர் கொடுத்தனுப்பும் மளிகைக் கூடையை டாலி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். சில சமயம் தன் கைக்காசையும் கொடுத்திருக்கிறார். உபசரித்தவர் யார், உபசரிக்கப்பட்டவர் யார் என்று காலம் எப்படிப் புரட்டிவிடுகிறது பாருங்கள்!

மனைவி இல்லாவிட்டால்?

அப்போதும் இந்த வேலை நிற்காது. வீட்டில் யாராவது ஒரு பெண் தலையில் விழும். 1828-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் தேர்தலில் ஜெயித்தார். பதவி ஏற்குமுன்பே மனைவி ரேச்சல் காலமாகிவிட்டார். உறவுப் பெண் எமிலி வந்து பொறுப்பேற்றார். வயசு இருபத்தொன்று! கைக்குழந்தைகளை வளர்த்துக்கொண்டே விருந்துகளையும் நடத்தினார். அந்த மாளிகையிலேயே அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன.

ஜேம்ஸ் புக்கானன் கட்டைப் பிரம்மசாரி. 1857-லிருந்து அவருக்கு விருந்து நடத்தியவர், அவர் எடுத்து வளர்த்த சகோதரி மகள் ஹாரியட் லேன். அடிமை முறையை வைத்து வடக்கும் தெற்கும் முட்டிக்கொண்டிருந்த நேரம். யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் சண்டை வராது என்று மணிக்கணக்கில் யோசித்து இடம் போடுவாராம். 'முதல் பெண்மணி' என்ற பெயர் பத்திரிகைகளில் புழங்க ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான். வேடிக்கை என்னவென்றால் அவர் மனைவியே இல்லை!

1865-ல் வந்த ஆண்ட்ரூ ஜான்சனின் மனைவி சயரோகத்தால் மாடியை விட்டு இறங்க முடியாதவர். மூத்த மகள் மார்த்தா பாட்டர்சன்தான் எல்லாம். யுத்த காலத்தில் ஜனங்கள் நடந்து நடந்து மாளிகைக் கம்பளமெல்லாம் பாழாகியிருந்தது. அதன்மேல் சாதாரண வெள்ளைத் துணியை விரித்து விருந்தாளிகளை வரவேற்றார். பால், வெண்ணெய்க்காகப் புல்வெளியில் இரண்டு பசுக்களைக் கட்டினார். காலையில் சாதா உடையில் பால் ஏடு எடுப்பவர், சாயங்காலம் தூதர்களுக்கு நடுவே நிற்பார். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த அம்மாளைத்தான்.

ரொம்பப் பழைய கதை என்று எண்ண வேண்டாம். 1974-ல் ஜனாதிபதி போர்டின் மனைவி பெட்டிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனது. தூதர்களுக்கான வரவேற்பில் அம்மாவின் இடத்தில் நின்றவள் பதினேழு வயசு மகள் சூசன்.

மாடியில் காய்ச்சல், கீழே விருந்து

இந்தக் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1862 பிப்ரவரி 5. ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி பெரிய விருந்துக்கு நூற்றுக்கணக்கானவர்களை அழைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பதினோரு வயசு மகன் வில்லிக்குக் காய்ச்சல். நிறுத்திவிடலாமா என்று யோசித்தார்கள். பயமில்லை, தேறிவிடுவான் என்றார் டாக்டர். அழைப்பும் போய்விட்டது. விருந்து நடந்தது. கீழே பாண்டு வாத்தியம், பலகாரம், பளபளக்கும் விளக்கு. மேரி நடுநடுவே மாடி ஏறி ஏறிக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த நாட்களில் குழந்தை மோசமானான். பிப்ரவரி 20-ம் தேதி போய்விட்டான். அநேகமாக அது டைபாய்டு. அசுத்தமான தண்ணீரால் வந்திருக்கும் என்று சொல்கிறார்கள்.

யுத்த காலத்தில் இவ்வளவு ஆடம்பரமா என்று ஊர் அவரைத் தூற்றியது. அவர் செலவாளி என்பது நிஜம்தான். ஆனால் அந்த ராத்திரி படியேறி இறங்கிய தாயின் மனசை யார் நினைத்தார்கள்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டாக்டர் சொன்னதை நம்பிய தாய் அவர். ஆனால் இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தைக்கு உடம்பு முடியாத நாளில், யாரை அழைத்திருந்தாலும் சரி, தயங்காமல் ஒத்திப் போடுங்கள். "குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் நம் மனிதர்களே அல்ல.

நோயோடு விருந்து நடத்தியவர்களும் உண்டு. 1897-ல் ஜனாதிபதியான மெக்கின்லியின் மனைவி ஐடாவுக்கு வலிப்பு நோய். இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர் வேறு. வரவேற்பில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூச்செண்டைக் கையில் பிடித்திருப்பார். கை குலுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே அடையாளம். ஜனாதிபதி சம்பிரதாயத்தை மீறி, விருந்தில் மனைவியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். வலிப்பு வந்தால் கைக்குட்டையால் மெல்ல அவர் முகத்தை மறைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்வார். 1909-ல் ஜனாதிபதி டாப்டின் மனைவி ஹெலனுக்கு, பதவி ஏற்ற இரண்டு மாதத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி பேசக் கற்றுக் கொடுத்தவர் கணவர்தான். விருந்துகளைச் சகோதரிகள் பார்த்துக்கொண்டார்கள். ஒத்தாசை செய்யும் கணவர்கள் அன்றும் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கோப்பைத் தேநீர்

விருந்தோம்பலுக்குத் துணிச்சலும் வேண்டும் என்று காட்டியவர் 1929-ல் முதல் பெண்மணியான லூ ஹூவர். பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் மனைவிமார்களைத் தேநீருக்கு அழைப்பது வழக்கம். அந்த வருஷம் சிகாகோவிலிருந்து ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்ற கறுப்பர் ஜெயித்து வந்திருந்தார். அவர் மனைவி ஜெஸ்ஸியை அழைப்பதா, விடுவதா? அழைத்தால் தெற்கத்திய மாகாணத்துப் பெண்கள் அவமதித்துவிடுவார்களோ? விட்டால் அது பந்தி வஞ்சனை அல்லவா?

லூ அம்மாள் தேநீர் விருந்தையே பல நாட்களாகப் பிரித்துவிட்டார். மரியாதையாக நடப்பார்கள் என்று தெரிந்த பெண்களை மட்டும் பொறுக்கி, ஜூன் 12 அன்று ஜெஸ்ஸியையும் அவர்களோடு அழைத்தார். உள்ளே எல்லாம் சுமுகமாக நடந்தது. வெளியேதான் பூகம்பம்! தெற்கத்தியப் பத்திரிகைகள் வசைபாடின. சில மாகாண சபைகளில் கண்டனத் தீர்மானமே போட்டார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்கு! அவர் அசைந்து கொடுக்கவில்லை. யாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம் என்பதில் ஒரு வீட்டின் தர்மமே தெரிந்துவிடுகிறது.

செலவுக் கணக்கு

இவ்வளவு விருந்துக்கும் யார் செலவு? முதல் ஜனாதிபதிக்கு வருஷச் சம்பளம் 25,000 டாலர். வீட்டு நிர்வாகமும் விருந்துச் செலவும் அதிலிருந்துதான். எட்டு வருஷத்தில் ஒயினுக்கு மட்டும் ஜெபர்சன் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவழித்தார். கடைசியில் கடனாளியாகவே போய்ச் சேர்ந்தார்! இப்போதெல்லாம் அரசு விருந்துக்கு அரசாங்கமே செலவு செய்கிறது. ஆனால் குடும்பம் அன்றாடம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும், சலவைக்கும், பற்பசைக்கும் மாதா மாதம் பில் வந்துவிடும். ஜனாதிபதி சொந்தப் பணத்தில் கட்டவேண்டும். 1981-ல் வந்த நான்சி ரீகன் முதல் மாத பில்லைப் பார்த்து அசந்து போனாராம்.

அதே நான்சி பட்ட பாடும் சுவாரசியமானது. முழு விருந்துக்குப் போதுமான ஒரே மாதிரிப் பீங்கான் செட் மாளிகையில் இல்லையென்று புதிதாக ஒன்று செய்யச் சொன்னார். 220 பேருக்கு, மொத்தம் 4,370 உருப்படி, விலை 2,09,508 டாலர்! பணம் ஒரு தனியார் அறக்கட்டளை கொடுத்தது. அரசாங்கக் காசு இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுச் செலவை அரசாங்கம் குறைக்கப் பார்த்த சமயமாகப் போயிற்று. ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். பாத்திரம் நல்லதாக இருந்தால் போதாது. எடுக்கிற வேளையும் பார்க்கவேண்டும்.

செலவில்லாத மாறுதலே பெரிய பெயர் வாங்கித் தந்ததும் உண்டு. 1961-ல் வந்த ஜாக்குலின் கென்னடி, நீளமான பந்தி மேஜைகளை எடுத்துவிட்டு, எட்டுப் பத்துப் பேர் உட்காரும் வட்ட மேஜைகளைப் போட்டார். சுற்றி உட்கார்ந்ததும் எல்லாரும் எல்லாரோடும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்! நம் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாலும் இதே பலன்தான்.

சட்டம் கண் திறந்தது

1901-ல் எடித் ரூஸ்வெல்ட், அழைப்பிதழ், விருந்து விஷயங்களைக் கவனிக்க ஒரு பெண் காரியதரிசியைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் கூடினார்கள். ஆனால் ஜனாதிபதியின் மனைவி செய்வதும் அரசாங்கத்துக்கான வேலைதான் என்று சட்டத்தில் எழுத 1978 வரை ஆயிற்று. ஜனாதிபதிக்கு அவர் கடமையில் மனைவியோ கணவரோ உதவும்போது, அவருக்கும் அரசாங்க ஆட்களின் ஒத்தாசை தரலாம். அப்படி யாரும் இல்லாவிட்டால் ஜனாதிபதி குறிப்பிடும் குடும்பத்தவருக்குத் தரலாம் என்று அந்த வருஷத்துச் சட்டம் சொன்னது. எமிலி, ஹாரியட், மார்த்தா பாட்டர்சன் எல்லாரும் செய்துவிட்டுப் போன வேலைக்கு, நூறு வருஷம் கழித்து ஓர் அத்தாட்சி! 1993-ல் ஒரு மேல் கோர்ட்டும், ஹிலாரி கிளிண்டன் சம்பந்தப்பட்ட வழக்கில், ஜனாதிபதியின் மனைவியை அரசாங்க அதிகாரிக்குச் சமமாகவே கருதவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சம்பளம் மட்டும் இன்னும் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் ஏதோ ஒரு படிவம் பூர்த்தி செய்யும்போது, என் பெயருக்கு எதிரே 'தொழில்' என்ற கட்டத்தில் என் பிள்ளை 'இல்லை' என்று எழுதப் போனான். "ஏண்டா, காலையில் அஞ்சு மணியிலிருந்து நான் பண்றது என்னடா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று எழுதினான். அமெரிக்காவுக்கே இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. என் பிள்ளைக்கு இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று!

முதல் பெண்மணி தன் அலுவலகத்தை நடத்தி வந்தது வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியில். 1977-ல் ரோசலின் கார்ட்டர் அங்கே அலுவலகம் வைத்ததிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபரில் பெரிய விருந்து மண்டபம் கட்டுவதற்காக அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். விருந்து நடத்துகிறவரின் அறையை இடித்து விருந்துக்கு இடம்!

நம் நாட்டுக்கு வைத்த விருந்து

2009 நவம்பர் 24-ம் தேதி மிஷேல் ஒபாமா நடத்திய முதல் அரசு விருந்து நம் பிரதம மந்திரி மன்மோகன் சிங்குக்கும் அவர் மனைவி குர்சரண் கௌருக்கும்தான். புல்வெளியில் பந்தல் போட்டு முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு விருந்து. மசூர் பருப்பு சூப், தக்காளிச் சட்னியோடு உருளைக்கிழங்கு உருண்டை, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், தேங்காய் சேர்த்த பாசுமதி சாதம்! அந்த வருஷம் மார்ச்சில்தான் மிஷேல் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து மாளிகையில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். அங்கே விளைந்த கீரையும் பந்திக்கு வந்தது. இத்தனை காவலையும் மீறி, அழைக்காத ஒரு தம்பதி நன்றாக உடுத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொள்கிற ஆசாமிகள் அங்கேயும் உண்டு!

2023 ஜூன் 22-ல் பிரதமர் மோடி போனபோது ஜில் பைடன் விருந்து நடத்தினார். விருந்தாளி சைவம் என்பதால் சைவச் சமையலில் தேர்ந்த நீனா கர்டிஸ் என்ற பெண்மணியை வரவழைத்தார். சிறுதானிய சாலட், காளான், குங்குமப்பூ சேர்த்த சாதம், ஏலக்காயும் ரோஜாவும் மணக்கும் ஸ்ட்ராபெரி கேக். வருகிறவர் என்ன சாப்பிடுவார் என்று விசாரித்துச் செய்வதுதானே உபசாரத்தின் முதல் படி?

இதுவரை அமெரிக்காவில் பெண் ஜனாதிபதி வந்ததில்லை. ஆகவே ஆண் யாரும் இந்த வேலையைச் செய்ததில்லை. 2021-லிருந்து 2025 வரை உதவி ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிசின் தாயார் சியாமளா நம் சென்னையில் பிறந்தவர். கமலாவின் கணவர் டக் எம்ஹாப், மனைவியின் பதவிக்காகத் தன் வக்கீல் வேலையை விட்டுவிட்டுக் கூட நின்றார். 2024 தேர்தலில் கமலா ஜெயித்திருந்தால், மெனுவும் மேஜை விரிப்பும் யார் பார்ப்பது என்ற கேள்வி முதல் தடவையாக ஓர் ஆணிடம் போயிருக்கும். என்றாவது ஒருநாள் போகத்தான் போகிறது. அன்றைக்காவது அதற்குச் சம்பளம் போடுவார்களோ என்னவோ!

ஒன்று சொல்லி முடிக்கிறேன், சகோதரிகளே. இத்தனை சிரமத்துக்கு நடுவிலும் அந்த மாளிகைப் பெண்கள் ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். விருந்தாளிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் எல்லாரும் கை கழுவிய பிறகு, ஆறிப்போன ரசத்தையும் அடியில் தங்கிய கறியையும் வழித்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறோம்! அடுத்த தடவை விருந்தாளி வரும்போது பதார்த்தங்களை நடுவில் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்றாகப் பரிமாறட்டும். உங்களுக்கும் ஓர் இலை போட்டு உட்காருங்கள்.